அண்டார்க்டிகாவின் மலைகளுக்கும் ஒரு விதி எழுதுங்கள்

அண்டார்க்டிக் ஒப்பந்த ஆலோசனைக் கூட்டங்களில் இந்தியாவின் சார்பில் அமரும் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகளே, வணக்கம்.

2024 மே மாதம் கொச்சியில், அண்டார்க்டிகாவைக் கூட்டாக நிர்வகிக்கும் ஒப்பந்த நாடுகளின் 46-ஆவது ஆலோசனைக் கூட்டத்தை இந்தியா நடத்தியது. அண்டார்க்டிகாவுக்கு வரும் சுற்றுலாவை ஒழுங்குபடுத்த விரிவான விதித்தொகுப்பு ஒன்றை உருவாக்கும் பணி அங்கேதான் தொடங்கியது. பல ஆண்டுகளாகப் பேச்சளவில் கிடந்த விஷயம் நம் மண்ணில் வேலையாக மாறியது. அந்த விதித்தொகுப்பில் மலைகளுக்கென்று தனி அத்தியாயம் வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

சுற்றுலா என்றதும் உங்கள் மேசைக்கு வருவது கப்பல்கள்தான். அது இயல்பு. 2022-23 பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அண்டார்க்டிகா சென்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கப்பலில் தீபகற்பக் கரைக்குப் போய், பென்குயின்களைப் பார்த்துத் திரும்பியவர்கள். உள்நாட்டுப் பனிப்பரப்பில் விமானத்தில் இறங்கி மலை ஏறுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு துளி. சிறு துளி என்பதாலேயே அவர்களைப் பற்றிய விதிகள் எழுதப்படாமல் நிற்கின்றன. ஆனால் கப்பல் பயணி கரையில் சில மணி நேரம் நடந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார். மலையேறுபவரோ வாரக்கணக்கில் பனியின் மேலேயே உண்டு, உறங்கி, மலம் கழித்து வாழ்கிறார். நிலத்தின் மீது ஒரு தனி மனிதர் விடும் தடம் என்று பார்த்தால் இவருடையதே ஆழமானது.

எங்கே ஏறுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலியின் தென்கோடியில் உள்ள புந்தா அரேனாஸ் நகரிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேல் பறந்தால் யூனியன் பனியாறு வரும். மலைச்சரிவிலிருந்து இறங்கும் கடுங்காற்று பனித்தூளைத் துடைத்தெடுத்துவிடுவதால் அங்கே இறுகிய நீலப் பனி வெளியே தெரிகிறது. சக்கரம் வைத்த பெரிய விமானங்கள் அதன் மேல் நேரடியாக இறங்குகின்றன. அங்கிருந்து சறுக்குக்கட்டை பூட்டிய சிறு விமானத்தில் சென்டினல் மலைத்தொடரின் அடிவாரம். அந்தத் தொடரில்தான் அண்டார்க்டிகாவின் மிக உயரமான சிகரமான வின்சன் இருக்கிறது. உயரம் 4,892 மீட்டர். இமயமலையின் அளவுகோலில் இது பெரிய உயரமல்ல. ஆனால் துருவத்தில் வளிமண்டலம் மெலிந்திருப்பதால் உடம்பு அதைவிட அதிக உயரத்தில் இருப்பதுபோல் மூச்சு வாங்கும். கோடையிலும் மைனஸ் 30 டிகிரி அங்கே சாதாரணம்.

லிங்கன் எல்ஸ்வொர்த் 1935 நவம்பரில் தன் விமானத்திலிருந்து இந்தத் தொடரை முதன்முதலில் கண்டார். வின்சன் இருப்பதே 1958-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1966 டிசம்பர் 18 அன்று நிக்கோலஸ் கிளிஞ்ச் தலைமையிலான அமெரிக்கக் குழுவின் நான்கு பேர் உச்சியில் கால் வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படை விமானம் அவர்களைக் கொண்டுபோய் விட்டது. அதாவது, அன்றைக்கு அங்கே மலை ஏற ஓர் அரசே பின்னால் நிற்க வேண்டியிருந்தது. 1980-களில் நிலைமை மாறியது. 1983-இல் டிக் பாஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரும் நண்பர்களும் தனி விமானம் அமர்த்தி வின்சனை ஏறினார்கள். ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடிப்பது என்ற இலக்கு அதன்பின் உலகெங்கும் பரவியது. 1985-இல் மலையேறுபவர்களை அங்கே அழைத்துச் செல்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் நீலப் பனியை ஓடுதளமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அன்று திறந்த கதவு இன்றுவரை மூடவில்லை.

நம்மவர்களும் அந்தக் கதவு வழியே போயிருக்கிறார்கள். ஒரு காலை இழந்தபின் எவரெஸ்ட் ஏறிய அருணிமா சின்ஹா 2019 ஜனவரியில் வின்சன் உச்சியில் நின்றார். தெலங்கானாவின் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்து பதின்மூன்று வயதில் எவரெஸ்ட் ஏறிய மாலாவத் பூர்ணாவும் அங்கே போய்வந்தார். ஏழு சிகரங்கள் என்ற கனவு இன்று தமிழ்நாட்டு இளைஞர்களையும் எட்டியிருக்கிறது. அரைக்கோடி ரூபாயை நெருங்கும் செலவுக்கு நன்கொடையாளர்களைத் தேடி அவர்கள் படியேறி இறங்குவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் போக வேண்டும் என்றே விரும்புகிறேன். நானும் மலை ஏறுகிறவன்தான். இமயத்தின் பனியில் கயிற்றுக்கும் பனிக்கோடரிக்கும் நடுவே என் இளமையின் நல்ல பகுதியைக் கழித்தவன். மலையை மூடிவிடச் சொல்லி யாராவது எழுதினால் முதலில் எதிர்த்து எழுதுகிறவனாகவே இருப்பேன்.

அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

வின்சனில் இன்று என்ன நடக்கிறது என்று போய்வந்தவர்கள் எனக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல செய்தி அது. அடிவார முகாமில் ஒவ்வொருவருக்கும் மலம் கழிக்கத் தடித்த பைகள் தருகிறார்கள். மேல் முகாமில், கூடாரத்தைச் சுற்றி ரம்பத்தால் அறுத்த பனிக்கட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவருக்குப் பின்னால், காற்று ஊளையிடும்போது, கையின் மேலுறையைக் கழற்றிவிட்டு மெல்லிய உள்ளுறையோடு அந்தப் பையைக் கட்ட வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதற்குள் முடிச்சுப் போட்டு, இன்னொரு பைக்குள் இட்டு, முதுகுமூட்டையிலோ சறுக்குவண்டியிலோ வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். சிறுநீருக்குக் குறிப்பிட்ட ஓர் இடம், அதற்குக் கொடி நட்ட அடையாளம். கீழே வந்த பைகள் எல்லாம் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, விமானமேறி, கடல் கடந்து சிலிக்குப் போய்ச் சேர்கின்றன. உலகின் வேறெந்தப் பெரிய மலையிலும் இவ்வளவு சுத்தமான ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. அதைக் கடைப்பிடிக்கும் நிறுவனத்தையும் வழிகாட்டிகளையும் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் பிரதிநிதிகளே, அந்தப் பைகளைக் கீழே கொண்டுவரச் செய்வது எது? ஒரு நிறுவனத்தின் ஒழுக்கம். சுற்றுலா நடத்துவோர் 1991-இல் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சங்கத்தின் வழிகாட்டுதல்கள். அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க ஒப்பந்த நாடுகள் ஏற்ற மாட்ரிட் நெறிமுறையின் மூன்றாம் இணைப்பு கழிவுகளைப் பற்றியது. தற்காலிக முகாம்களின் கழிவுகளை, நடைமுறையில் இயன்ற உச்ச அளவுக்கு, உண்டாக்கியவரே ஆதரவு நிலையத்துக்கோ கப்பலுக்கோ அகற்ற வேண்டும் என்கிறது அது. எது இயன்றது, எது இயலாதது என்று அளந்து சொல்வது யார்? மைனஸ் 35 டிகிரியில், புயலுக்கு முன்னால் இறங்கியாக வேண்டிய அவசரத்தில், ஒரு வழிகாட்டி அளப்பார். நல்ல வழிகாட்டி நன்றாக அளப்பார். நாளை வேறொரு நிறுவனம், பாதி விலையில், பாதிப் பயிற்சியுள்ள வழிகாட்டிகளோடு வந்தால் அவர்களும் அவர்கள் போக்கில் அளப்பார்கள். எவரெஸ்ட்டில் இது நடந்ததை நாம் பார்த்தோம். அண்டார்க்டிகாவில் நடக்காது என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

விதி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வட துருவ வட்டத்துக்குச் சற்றே தெற்கே ஒரு மலை இருக்கிறது. அலாஸ்காவின் டெனாலி, 6,190 மீட்டர். அதன் மேற்கு முகட்டு வழி 1951-இல் திறந்தது. ஏறுகிறவர்கள் கஹில்ட்னா பனியாற்றின் வழியே போகிறார்கள். ஆரம்பக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். பனியில் குழி தோண்டினார்கள், அல்லது பையில் கட்டிப் பனிப்பிளவுக்குள் எறிந்தார்கள். விழுந்தது கண்ணுக்குத் தெரியாது. பனி மூடிவிடும். பனியாறு விழுங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

பனியாறு எதையும் விழுங்குவதில்லை; அது நகர்த்துகிறது. மைக்கேல் லோசோ என்ற பனியாற்று ஆய்வாளரும் அவருடைய குழுவும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1951 முதல் 2012 வரை சுமார் 36,000 பேர் அந்த வழியே போயிருக்கிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற மலம் 69 முதல் 97 டன்வரை இருக்கும். அது பனிக்குள் புதைந்தபடியே கீழ்நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது. பனி உருகும் தாழ்வான பகுதியை எட்டும்போது மேலே வரும். குளிரில் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. புதைந்த கழிவில் நுண்ணுயிர்கள் உயிரோடிருப்பதையும், பனியாற்றின் உருகுநீரில் மலக் கிருமிகளின் தடயம் இருப்பதையும் ஆய்வு காட்டியது. முதல் ஏறிகளின் காலத்துக் கழிவு நம் தலைமுறையிலேயே வெளியே தலைகாட்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் முடிவு.

டெனாலியில் மூடியுள்ள கழிவுக் குடுவைகளை 2000-களின் தொடக்கத்தில் ஒரு வனக்காவலரின் முயற்சியால் கொண்டுவந்தார்கள். 4,300 மீட்டர் முகாமுக்குக் கீழே உண்டாகும் கழிவு முழுவதையும் மலையை விட்டே அகற்ற வேண்டும் என்ற கட்டாயம் வந்தது 2018-இல். வழி திறந்து அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து! அதுவும் ஒரே அரசின் ஆட்சிக்கு உட்பட்ட, காவலர்கள் நிற்கிற, உரிமச் சீட்டு இல்லாமல் யாரும் ஏற முடியாத தேசியப் பூங்காவில். ஒருமித்த கருத்து இல்லாமல் ஒரு வரிகூட நிறைவேறாத, முடிவெடுக்கும் உரிமை கொண்ட 29 ஆலோசனை நாடுகளின் மன்றத்தில் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் ஏறுவோர் சில நூறு பேராக இருக்கும் இப்போதே தொடங்குங்கள் என்கிறேன்.

டெனாலியின் அடியில் உருகுநீர் ஓடிக் கடல் சேர்கிறது. சென்டினல் தொடரின் உள்பகுதியில் அந்த வசதியும் கிடையாது. அங்கே அழுகல் என்பதே இல்லை. போட்டது போட்டபடி கிடக்கும். மனிதர் நடந்த இடத்தில் மிதிபட்டு இறுகிய பனி தங்கிவிடும். சுற்றியுள்ள தளர்ந்த பனியைக் காற்று அரித்துக்கொண்டு போய்விடும். கடைசியில் காலடித் தடங்கள் குழியாக இல்லாமல் மேடுகளாக, பாதம் பாதமாக உயர்ந்து நிற்கும். பனிப்பாலைவனத்தில் வெறும் காலடியே இப்படி நிலைத்துவிடுகிறது என்றால் சிந்திய எரிபொருளும் அறுந்து விழுந்த கயிறும் என்ன கதியாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூடியுள்ள குடுவைகளோடும் பைகளோடும் இந்த விஷயம் முடிந்துவிடவில்லை. உங்களுக்கு மிக அருகில் உள்ள ஓரிடத்தைச் சொல்கிறேன். நம் மைத்ரி ஆராய்ச்சி நிலையம் அண்டார்க்டிகாவின் ராணி மாட் நிலம் என்ற பகுதியில், ஷிர்மாக்கர் பாறைச் சோலையில் 1989 முதல் இயங்குகிறது. அதே ராணி மாட் நிலத்தின் உட்பகுதியில் பனிப்பரப்பைக் கிழித்துக்கொண்டு கருங்கல் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது உல்வெதன்னா, 2,930 மீட்டர். 1994-இல் மூன்று நார்வேக்காரர்கள் முதலில் ஏறினார்கள். அதன்பின் உலகின் தேர்ந்த பாறையேறிகள் அங்கே வரத் தொடங்கினார்கள். கேப் டவுனிலிருந்து விமானம் வருகிறது. சொகுசு முகாம்களும் வந்துவிட்டன.

அந்தப் பாறைகளில் மனிதனுக்கு வெகுகாலம் முன்பே குடியேறியவர்கள் இருக்கிறார்கள். பனிப் பெட்ரல் என்ற தூவெள்ளைப் பறவை கடலில் இரை தேடி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே பறந்து வந்து, இந்தத் தனிப்பாறைகளின் இடுக்குகளில் முட்டையிடுகிறது. எதிரி நெருங்கினால் வயிற்றிலிருந்து கொழுப்பெண்ணெயைக் கக்கும். கூட்டின் வாசலில் சிந்தும் அந்த எண்ணெய் குளிரில் இறுகி, ஏட்டின் மேல் ஏடாக மஞ்சள் மெழுகுபோல் படிகிறது. நம் நிலையத்துக்குத் தெற்கே உள்ள மலைகளில் எடுத்த அந்தப் படிவுகளில் சில 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை கொண்டவை. பனியூழியின் உச்சத்திலும் அந்தப் பறவை அந்தப் பக்கத்தில் கூடுகட்டி வாழ்ந்திருக்கிறது என்பதற்கும், கடல்பனி அன்று எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கும் அந்த மெழுகே ஆவணம். ஒரு பாறையேறி பிடிமானத்துக்காக இடுக்கில் கை நுழைக்கும்போது, அல்லது வழியைச் சுத்தப்படுத்துவதாக எண்ணிப் பனிக்கோடரியின் முனையால் சுரண்டும்போது அது உதிரும். அவர் மீது குற்றமில்லை. அது இன்னதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் பாறைகளில் துளையிட்டு அடிக்கும் போல்ட்டுகள், இறங்கும்போது விட்டுவிட்டு வரும் கயிறுகள், ஆணிகள் இவையெல்லாம் கழிவா, கருவியா என்று மூன்றாம் இணைப்பு எங்கும் சொல்லவில்லை.

அதே நிலத்தில் ஸ்வார்த்தாமாரன் என்ற மலைச்சரிவு சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக இருக்கிறது. அண்டார்க்டிக் பெட்ரல் பறவைகளின் மாபெரும் உள்நாட்டுக் குடியிருப்பு அது. அறிவியலாளர்கள் எண்ணிப் பார்த்த இடத்துக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. எண்ணிப் பார்க்காத நூறு பாறைகளுக்கு என்ன கிடைக்கும்?

மலையுச்சியைப் பாதுகாக்க உங்கள் ஒப்பந்தத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 3,794 மீட்டர் உயரமுள்ள எரெபஸ் உயிருள்ள எரிமலை. துருவப் பயணி ஷாக்கில்டனின் குழுவினர் 1908 மார்ச் 10 அன்று அதன் விளிம்பை எட்டினார்கள். அதன் உச்சியருகே, நீராவி கசியும் வெதுவெதுப்பான மண்ணில், வேறெங்கும் காணக் கிடைக்காத நுண்ணுயிர்க் கூட்டங்கள் வாழ்கின்றன. அந்த மண் உள்ள இடங்கள் இன்று சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. உள்ளே போகிற ஆய்வாளரே கிருமி நீக்கிய மேலாடை அணிந்துதான் போக வேண்டும். மண்ணின் ஒரு கைப்பிடியில் உள்ள உயிருக்காக இவ்வளவு நுணுக்கமான விதியை எழுதிய கைகள்தான் உங்களுடையவை. காலணியின் அடியில் விதைகள் வருகின்றன என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. 2007-08 கோடையில் மட்டும் பயணிகளும் ஆய்வாளர்களும் தங்கள் உடையிலும் மூட்டையிலும் சுமார் 70,000 விதைகளை அண்டார்க்டிகாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று ஓர் ஆய்வு கணித்தது. பிற மலைகளில் ஏறி மண் ஒட்டிய கிராம்பான்களோடும் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்தகடுகள்) கயிறுகளோடும் வருகிறவர்களை விட்டுவிட்டு அந்தக் கணக்கை முடிக்க முடியாது.

இந்தியப் பிரதிநிதிகளாகிய உங்களிடம் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மலையைக் காப்பதில் நம் நாட்டுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது, கசப்பும் சேர்ந்த அனுபவம். இமயத்தின் நந்தாதேவி சிகரத்தைச் சூழ்ந்த உள்வட்டத்தை 1974-இல் வெளிநாட்டுக் குழுக்களுக்குத் திறந்தோம். எட்டே ஆண்டுகளில் விறகுக்கு மரங்கள் வெட்டப்பட்டு, முகாம்களில் குப்பை குவிந்து, மூட வேண்டியதாயிற்று. லடாக்கின் ஸ்டோக் காங்ரி, ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஏற ஆசைப்பட்ட நம் இளைஞர்களுக்கு எல்லாம் முதல் சிகரம். அதன் அடிவார முகாமில் நான் தங்கியிருக்கிறேன். கூடாரத்திலிருந்து பத்து அடி நடந்தால் ஒவ்வொரு பெரிய கல்லின் பின்னாலும் காகிதமும் மலமும். அவற்றுக்கு நடுவே சலசலத்து இறங்கும் ஓடையில்தான் கீழே ஸ்டோக் கிராமத்துப் பெண்கள் குடம் நிரப்பினார்கள். 2020-இல் அந்தக் கிராமத்தார் போதும் என்றார்கள். மலை மூடப்பட்டது.

ஸ்டோக்கில் மலைக்குக் கீழே ஒரு கிராமம் இருந்தது. தண்ணீர் கெட்டால் அவர்கள் வயிறு கெடும், அவர்கள் வாய் திறப்பார்கள். காஞ்சன்ஜங்காவில் சிக்கிம் மக்களின் தெய்வம் இருந்தது. 1955-இல் முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் அந்த மக்களுக்குக் கொடுத்த வாக்கை மதித்து உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். பூட்டான் தன் கங்கர் புன்சும் சிகரத்தை, 7,570 மீட்டர் உயரமுள்ளதை, மனிதக் கால் படாமலேயே வைத்திருக்கிறது. இந்த இடங்களில் எல்லாம் மலைக்காகப் பேச மக்கள் இருந்தார்கள். வின்சனுக்குக் கீழே கிராமம் இல்லை. உல்வெதன்னாவைக் கும்பிடும் குடி இல்லை. அந்த நிலத்துக்கென்று பேசக்கூடியவர்கள் உங்கள் மன்றத்தில் அமர்ந்திருப்பவர்கள் மட்டுமே. நீங்கள் பேசாவிட்டால் வேறு யாரும் இல்லை.

சரி, என்ன விதி வேண்டும் என்று கேட்பீர்கள். வின்சனில் இன்று நல்லெண்ணத்தால் நடப்பதை நாளை சட்டத்தால் நடக்க வையுங்கள். உள்நாட்டு மலை முகாம்களிலிருந்து மனிதக் கழிவு முழுவதும் கண்டத்தை விட்டே வெளியேற வேண்டும். இதில் இயன்ற அளவு என்ற சந்துவழி வேண்டாம். புயலோ உயிராபத்தோ காரணமாக விட்டுவர நேர்ந்தால், இடத்தைக் குறித்து அனுமதி கொடுத்த அரசுக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். ஏற்றம் முடிந்தபின் பாறையிலும் பனியிலும் விடப்படும் கயிறும் ஆணியும் கழிவு என்றே கணக்கிடப்படட்டும். வழக்கமான வழியில் நிரந்தரக் கயிறு கட்டுவதானால் யார் கட்டினார், யார் அகற்றுவார் என்று அனுமதிச் சீட்டிலேயே இருக்கட்டும். பறவைகள் கூடுகட்டும் தனிப்பாறைகளில் அந்தப் பருவத்தில் ஏற்றம் வேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன். மலையேறுகிறவன் என்ற முறையில் இதைக் கேட்பது எனக்கு எளிதல்ல. அண்டார்க்டிகாவில் இன்னும் யாரும் ஏறாத சிகரங்கள் ஏராளம். அவற்றில் சில மலைத்தொடர்களை முழுமையாக, எவரும் ஏறாதபடி ஒதுக்கி வையுங்கள். அறிவியல் தேவை எழுந்தால் அப்போது ஆராய்ந்து முடிவு செய்யலாம். முதல் ஏற்றம் என்ற பெருமைக்கு எங்களுக்கு இருக்கும் பசி எனக்குத் தெரியும். அந்தப் பசியோடுதான் நானும் வளர்ந்தேன். மனிதன் தொடாத ஒரு மலைத்தொடர் எப்படியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க நாளைய ஆய்வாளனுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். இன்று ஒதுக்காவிட்டால் அதைப் பின்னால் உருவாக்கவே முடியாது. ஏறிய மலையை ஏறாததாக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

மீட்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வின்சனில் ஒருவர் பனிப்பிளவில் விழுந்தால் கூப்பிட எந்த அரசின் மீட்புப் படையும் இல்லை. விமானம் வைத்திருக்கும் நிறுவனம்தான் வர வேண்டும், அதுவும் வானம் இடம் கொடுத்தால். துணிச்சல் மிகுந்த சிறு குழுக்கள் ஆதரவில்லாத மூலைகளுக்குப் போய் மாட்டிக்கொண்டால், ஆராய்ச்சி நிலையங்கள் தங்கள் வேலையை நிறுத்தி, எரிபொருளையும் ஆட்களின் உயிரையும் பணயம் வைக்க வேண்டிவரும். மைத்ரியில் குளிர்காலம் கழிக்கும் நம்மவர்களும் அதில் அடக்கம். இதற்காகத்தான் காப்பீட்டையும் அவசரகால ஏற்பாட்டையும் கட்டாயமாக்கும் தீர்மானத்தை உங்கள் மன்றம் 2004-இல் நிறைவேற்றியது. சுற்றுச்சூழல் விபத்துகளுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் மாட்ரிட் நெறிமுறையின் ஆறாம் இணைப்பு 2005-இல் ஸ்டாக்ஹோமில் ஏற்கப்பட்டது. போதிய நாடுகள் ஒப்புதல் தராததால் இரண்டும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இருபது ஆண்டுகள்! எழுதி வைத்த விதி இழுப்பறைக்குள் தூங்குவதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்றில்லை. ஒப்புதல் தராத நாடுகளிடம் பேசுங்கள், வற்புறுத்துங்கள்.

போகிறவர்கள் சில நூறு பேர்தானே, இதற்கு இவ்வளவா என்று உங்கள் மன்றத்தில் சிலர் சொல்வார்கள். கஹில்ட்னாவிலும் முதல் பத்தாண்டுகளில் போனவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று அவர்களுக்கு நினைவூட்டுங்கள். மலையேற்றச் சுதந்திரத்தில் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது என்று என் சக ஏறிகள் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தியா வெறுங்கையோடு இதைக் கேட்கப் போவதில்லை. 1983 முதல் நாம் ஆலோசனை நாடு. 2022-இல் நாடாளுமன்றம் இந்திய அண்டார்க்டிக் சட்டத்தை நிறைவேற்றியது. அனுமதி, கழிவு, தண்டனை எல்லாம் அதில் இருக்கின்றன. அதன்கீழ் வரும் விதிகளில் மலையேற்றத்துக்கு ஒரு பிரிவை முதலில் நாமே சேர்க்கலாம். இந்தியாவிலிருந்து புறப்படும் மலையேற்றக் குழுக்களுக்குப் பயணத்துக்கு முன் பயிற்சியும், திரும்பியபின் கழிவுக் கணக்கும் கட்டாயமாகட்டும். நம் மலைகளுக்கு வரும் வெளிநாட்டுக் குழுக்களோடு தொடர்பு அலுவலரை அனுப்பும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த அனுபவம் இங்கே கைகொடுக்கும். ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு எந்த இடத்தையும் எந்த நேரத்திலும் பார்வையிடும் உரிமையை உங்கள் ஆய்வாளர்களுக்குத் தருகிறது. நிலையங்களையும் கப்பல்களையும் பார்க்கும் அந்தக் குழுக்கள் மலை முகாம்களுக்கும் போகட்டும்.

மன்றத்தில் விவாதித்து முடிவெடுப்பதற்கான பணி ஆவணம் தாக்கல் செய்யும் உரிமை ஆலோசனை நாடுகளுக்கு இருக்கிறது. கொச்சியில் தொடங்கிய பேச்சு முடிவதற்குள், அண்டார்க்டிகாவின் உள்நாட்டு மலைகளும் மலையேற்றமும் என்ற தலைப்பில் இந்தியாவின் பெயரில் ஒரு பணி ஆவணத்தைத் தாக்கல் செய்யுங்கள். அதைத் தயாரிக்கும்போது கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையத்தின் அறிவியலாளர்களோடு இந்திய மலையேற்ற அறக்கட்டளையையும், அங்கே போய்வந்த ஏறிகளையும் ஒரே அறையில் அமர்த்திக் கேளுங்கள். வரைவை இறுதியாக்கும் முன் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிட்டால், எங்கள் மலையேற்றக் குழுக்களில் அதை வரி வரியாகப் படித்துக் கருத்து எழுதி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு மலையேறி